செமிகோலனாய்ப் போன சட்டக் கட்டுரை

கடல் ஊருக்குள் வந்த வருஷம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நான் சொல்லப்போவது அதற்கு அடுத்த வருஷம், மாரி மழை தொடங்கின சமயம். எங்கள் பக்கம் கடல் வரவில்லை. பலாங்கொடையிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் மாறி மாறிப் போக வேண்டும். ஆனால் மீன் நின்றுபோனது. வந்த மீனையும் வாங்க ஆள் இல்லை. கடலோடு போன சனங்களை அந்த மீன் தின்றிருக்குமே என்று சொல்லி, தோட்டத்திலும் டவுனிலும் ஒருத்தரும் மீன் சட்டியை அடுப்பில் ஏற்றவில்லை. சந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் அதே பலகையைக் கழுவிப் போட்டுக் கோழி வெட்ட ஆரம்பித்தார். தோட்டத்து வரிசை வீடுகளை லயம் என்போம், லயத்துக்கு லயம் கூடு அடித்துக் கோழி வளர்த்தார்கள். பிறகு மீன் திரும்பி வந்தது, ஆனாலும் கோழிப் பைத்தியம் விடவில்லை. பஸ்ஸில் ஏறினால் கோழிக் கதை, கோயிலுக்குப் போனால் கோழிக் கதை. கோழித் தீனிக்கு எங்கள் பக்கம் ஃபீட் என்றுதான் பேர்.

அதனால்தான் ஒரு சனிக்கிழமை மிஸ் வந்து, "தாத்தா, அடுத்த கிழமையிலேருந்து நாம ஃபீட் போடப்போறோம்" என்று சொன்னபோது, நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எத்தன கோழிங்க மிஸ்? மேல்மாடியில கூடு வச்சா கீழ கடையில ஒங்கப்பா சத்தம் போடுவாரே" என்று கேட்டேன்.

மிஸ் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டி வந்தது.

மிஸ் யார் என்று சொல்ல வேண்டும். பலாங்கொடை பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த ஒருவரின் மகள். கொழும்பில் சட்டம் படித்து, அங்கேயே கேம்பஸில் சட்டம் படிப்பித்துக்கொண்டிருந்தார். சனி ஞாயிறு ஊருக்கு வருவார். தகப்பனுடைய கடைக்கு மேலே ஒரு அறை. அதில் இரண்டு மேசை, ஒரு கம்பியூட்டர், ஒரு டெலிபோன், மழை பெய்தால் ஒழுகும் ஒரு மூலை, அந்த மூலையில் ஒரு வாளி. அந்த வாளிக்கும் அறைச் சாவிக்கும் நான் பொறுப்பு. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கிற இடத்தில் வேலை செய்து பென்ஷன் ஆனவன் நான். பள்ளிக்கூடம் போனதில்லை. பஸ் போர்டைப் பார்த்துப் பார்த்துத் தமிழும் சிங்களமும் எழுத்துக் கூட்டப் பழகினேன், அவ்வளவுதான். இதையும் நான் சொல்ல, ஒருவர் எழுதிக்கொள்கிறார்.

மிஸ்ஸுக்குச் சட்டம் படிப்பித்தவரை நாங்கள் சேர் என்போம். சிங்களவர். கேம்பஸிலிருந்து ஓய்வு பெற்று, பலாங்கொடையில் தன் மனைவியின் ஊர் வீட்டில் இருந்தார். என்னை விட வயதில் கொஞ்சம் இளையவர் என்பதால் என்னை "ஐயே" என்று கூப்பிடுவார். சிங்களத்தில் அது அண்ணன். ஆனால் அறைக்கு வருகிற தோட்டத்துச் சனம், இவ்வளவு பெரிய மனிதர் இந்தக் கிழவனை ஐயா என்கிறாரே என்று என்னைப் பார்த்து எழுந்து நிற்கும். நான் திருத்தவில்லை. எதற்குத் திருத்த வேண்டும்?

நாலாவது ஆள் டைப் அடிக்கிற தங்கச்சி. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். முன்பு பிரஸ் ஒன்றில் கல்யாண கார்டும் மரண அறிவித்தலும் அடித்துக்கொண்டிருந்தவள். விரல் ஓடுவதைப் பார்த்தால் கொழுந்து பறிக்கிற விரல் தோற்றுப்போகும். வாய் அதைவிட வேகம்.

இவர்கள் செய்தது என்ன வேலை என்றால், தோட்டத்துச் சனங்களைப் பற்றிய சட்டக் கட்டுரைகள். பிரஜாவுரிமை, பிறப்புப் பதிவில் பேர் பிழையாக விழுந்தவர்கள் கதை, பென்ஷன் ஆனவர்களின் லயத்துக் காம்பரா, அதாவது குடியிருக்கிற அறை, யாருக்குச் சொந்தம், இப்படி. படித்தவர்கள் படிப்பதற்காகப் படித்தவர்கள் எழுதுவது. சேர் இங்கிலீஷில் எழுதுவார். மிஸ் இங்கிலீஷில் ஒரு தரமும் அதையே தமிழில் ஒரு தரமும் எழுதுவார். முன்பு புத்தகமாகப் போட்டார்கள். புத்தகம் பெட்டியிலேயே இருந்து எங்கள் ஊர் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்தது. வெயில் வந்தால் நான் மொட்டை மாடியில் புத்தகம் காயப்போடுவேன். கீழே போகிறவர்கள், "தாத்தா, என்ன, அப்பளமா?" என்று கேட்டுக்கொண்டு போவார்கள்.

அதற்குப் பிறகுதான் கம்பியூட்டருக்குள் போடுவது என்று முடிவானது. போட்டாயிற்று. ஆனால் போட்டது யாருக்குத் தெரியும்? அதற்குத்தான் இந்த ஃபீட்.

"கோழி இல்லைன்னா அப்ப என்னங்க மிஸ் அது?" என்று கேட்டேன்.

"இப்ப பாருங்க தாத்தா. நாம யாருக்கும் ஒண்ணும் அனுப்புறதில்ல. நம்ம கதவுல ஒரு மணி கட்டி வைக்கிறோம். வேணுங்கிறவங்க அந்தக் கயித்தோட மறுநுனிய எடுத்துக்கிட்டுப் போய் அவங்க வீட்டுல கட்டிக்குவாங்க. நாம புதுசா ஒரு கட்டுரை போட்டா, அங்க அவங்க வீட்டுல மணி அடிக்கும். தலைப்பு, எழுதினவங்க பேரு, நாலு வரி விஷயம், எல்லாம் அவங்க முன்னால வந்து நிக்கும்."

"பெரட்டுத் தப்பு மாதிரியா?"

தோட்டத்தில் விடிகாலையில் தப்படிப்பார்கள். சத்தம் கேட்டதும் எல்லோரும் பெரட்டுக்களத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். அங்கேதான் யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரிப்பது. பிந்தி வந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்.

மிஸ் யோசித்தார். "கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனா இதுல வராதவங்களுக்கு அரைப் பேர் போட மாட்டாங்க."

"கயித்த யார் யார் கட்டியிருக்காங்கன்னு நமக்குத் தெரியுமுங்களா?"

"யாருன்னு தெரியாது. ஏறக்குறைய எத்தன பேருன்னு மட்டும் தெரியும்."

அன்று முழுக்க எனக்கு அந்த யோசனைதான். யார் காதில் விழுகிறது என்று தெரியாமலே தப்படிக்கிறவன் ஒருவன் இருந்தால் அவனுக்குக் கை எப்படி ஓடும்? தோட்டத்தில் அடிக்கிறவனுக்குத் தெரியும், இந்த லயம் எழும்பிவிட்டது, அந்த லயத்தில் விளக்கு எரியவில்லை என்று. இவர்கள் இருட்டைப் பார்த்து அடிக்கப் போகிறார்கள்.

ஃபீட் கட்டின நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மிஸ் ஒவ்வொரு வரியாக எழுதினார். ஒவ்வொரு விஷயத்துக்கும் முன்னால் ஒரு கதவு திறக்க வேண்டும், பின்னால் அதே பேர் சொல்லிக் கதவை மூட வேண்டும். தலைப்புக்கு ஒரு கதவு, பேருக்கு ஒரு கதவு, தேதிக்கு ஒரு கதவு. ஒன்றை மூட மறந்தாலும் எல்லாம் அப்படியே நின்றுவிடும். சேர் ஒன்றை எழுதிப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்து, தலைப்புக் கதவை மூட மறந்தார். மொத்தமும் நின்றுபோனது. டைப் அடிக்கிற தங்கச்சி, "சேர் வீட்டுலயும் இப்படித்தான் கதவத் தெறந்து போட்டுட்டு வருவாரு போல, வீட்டுக்கார நோனா பாவம்" என்று தமிழில் சொல்ல, சேருக்கு விளங்கிவிட்டது. தமிழ் பேசமாட்டாரே தவிர, அவரைப் பற்றிப் பேசினால் மட்டும் எந்தப் பாஷையும் அவருக்கு விளங்கும்.

இரண்டு ஃபீட் கட்டினார்கள். இங்கிலீஷுக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று. பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு சின்னச் சதுரம். தமிழ்ச் சதுரத்தின் கீழே "ஓடை" என்று எழுதினார்கள். ஃபீடுக்குத் தமிழில் அதுதான் சொல்லாம். குருவிட்டையிலிருந்து வந்த என் மச்சான் அதை எட்டிப் பார்த்து, "ஓடையா? எறங்கி அரிச்சா கல்லு கெடைக்குமா?" என்று கேட்டான். அவன் ஆயுசு முழுக்க மாணிக்கக் குழியில் சேறு அரித்தவன். அவனுக்கு எந்த ஓடையைக் கண்டாலும் அந்த யோசனைதான்.

இங்கிலீஷ் ஃபீடை அன்றைக்கே சோதித்துப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. தமிழ் ஃபீடைப் பார்க்கப் போகும்போது மலைப்பக்கம் இடி உருண்டது. எங்கள் பக்கத்து இடி தெரியும்தானே. பின்னேரமானால் தலைக்கு மேலேயே வந்து நிற்கும். டெலிபோன் வயரைக் கழற்றாவிட்டால் கம்பியூட்டர் போய்விடும். நான்தான் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன். அதற்குப் பிறகு தமிழ் ஃபீடை யாரும் சோதிக்கவில்லை. எங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தால் தமிழ் அழகாகத்தான் தெரிந்தது. அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

வயரைப் பிடுங்கிவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில்தான் சேர் அந்தப் பேச்சை எடுத்தார். மிஸ்ஸை "துவே" என்பார், மகளே என்று. "துவே, நான் ஒண்ணு சொல்றேன், கோவிக்காதே. சட்டம் படிக்கிறவங்க எல்லாரும் இங்கிலீஷ்ல படிக்கிறாங்க. நீ ஒரே கட்டுரைய ரெண்டு தரம் எழுதுற. உன் கண்ணப் பார், செவந்து போயிருக்கு. அந்த நேரத்துல இன்னொரு கட்டுரை எழுதலாமே" என்றார் சிங்களத்தில்.

"யாரப் பத்தி எழுதுறோமோ அவங்க பாஷையில ஒண்ணாவது இருக்க வேணாமா சேர்?"

"இருக்கட்டும். ஆனா படிக்க ஆள் வேணுமே."

"படிக்க ஆளில்லன்னு எழுதாம விட்டா, படிக்கிற ஆள் எங்கேருந்து வரும்?"

சேர் இருட்டில் நாற்காலியை நகர்த்திப் போட்டார். பிறகு, "ஹரி, சரி. சித்திரை வருஷப் பிறப்பு வரைக்கும் பார்ப்போம். தமிழ்க் கட்டுரையப் படிச்சேன்னு ஒரே ஒருத்தர் எழுதட்டும். போதும், அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன். யாரும் எழுதலைன்னா தமிழ நிப்பாட்டுவோம்" என்றார்.

மிஸ் சரி என்றார். சொன்ன விதத்திலேயே தெரிந்தது, உள்ளே என்னவோ கழன்று விழுந்த மாதிரி. எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து யாராவது ஒருத்தர் எழுத மாட்டார்களா என்று நானும் பார்க்கத் தொடங்கினேன்.

தமிழில் முதலில் போன கட்டுரையின் பேர் "லயம், காம்பரா, சட்டம்". பென்ஷன் ஆன பிறகு காம்பராவை விட்டுப் போ என்று தோட்டத்தில் சொன்னால் என்ன ஆகும் என்பது. முதல் பாகம்தான் போனது. அதில் பழைய கதையெல்லாம் வருகிறது, யார் கட்டினது, எந்தக் காலத்தில் என்ன சட்டம் என்று. என்ன செய்யலாம் என்பது இரண்டாம் பாகத்தில். அதை மிஸ் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கும் அதில் ஒரு ஆசை. எங்கள் வீட்டில் மருமகனின் பேர் செக்ரோலில், தோட்டத்து வேலையாட்கள் பதிவில், இருப்பதால்தான் காம்பரா இருக்கிறது. அவன் கொழும்புக் கடைக்குப் போகிறேன் என்று அடிக்கடி சொல்வான். சொல்லும்போதெல்லாம் என் மகள் கூரையைப் பார்ப்பாள்.

நாட்கள் போயின. இங்கிலீஷ் கயிற்றைக் கட்டிக்கொண்டவர்கள் கூடிக்கொண்டே வந்தார்கள். இன்ன தேசத்திலிருந்து ஒரு பேராசிரியர் எழுதியிருக்கிறார், அந்தக் கட்டுரையை வகுப்பில் கொடுத்திருக்கிறார் என்று சேர் வாசித்துச் சொல்வார். தமிழுக்கு ஒன்றும் இல்லை. முதலில் சில பேர் கட்டியிருந்தார்களாம், அவர்களும் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மிஸ் வந்ததும் பையை வைக்கும் முன்பே கம்பியூட்டரைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "தாத்தா, தேத்தண்ணி கொஞ்சம் சாயமா" என்பார். சாயம் என்றால் அன்றைக்கும் ஒன்றும் வரவில்லை என்று அர்த்தம்.

இடையில் ஒரு நாள் ஒரு கடிதம் வந்தது. அதுவும் கம்பியூட்டருக்குள்தான். சேர்தான் பார்த்தார். "மொக்கத்த மே? என்ன இது?" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினார். முழுக்க முழுக்க அர்த்தமில்லாத இங்கிலீஷ் எழுத்து, நடுவில் கமாவும் புள்ளியும் எறும்பு மாதிரி. அனுப்பியவர் யாரென்று தெரியவில்லை.

"வைரஸ்" என்றார் சேர். "யாரும் தொடாதீங்க."

"தொட்டா நமக்கும் ஒட்டுமா சேர்?" என்று தங்கச்சி கேட்டாள். "தாத்தா, ஒரு எலுமிச்சங்காயும் மொளகாயும் கோத்து இதுக்கு மேல கட்டுங்க. கீழ கடைக்கு மட்டுந்தான் கண்ணுபடுமா?"

சேர் அந்தக் கடிதத்தைக் குப்பைக்குத் தள்ளிவிட்டார். கம்பியூட்டருக்குள் ஒரு குப்பை வாளியும் இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை யார் கொட்டுவது என்று கேட்டேன். கொட்டாமலும் வைத்திருக்கலாம் என்றார்கள்.

வருஷப் பிறப்புக்குக் கிட்ட வந்துவிட்டோம். பஜாரில் பட்டாசும் புதுச் சட்டையும் தொங்க ஆரம்பித்தன. அந்தச் சனிக்கிழமை சேர் பலகாரப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார், கொண்ட கெவுமும் கொக்கிஸும். நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்ல வருகிறவர் வெறுங்கையோடு வரமாட்டார். மிஸ்ஸுக்கும் விளங்கிவிட்டது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசாமல் கொக்கிஸைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். கொக்கிஸ் கடித்தால் சத்தம் வரும். அறை முழுக்க அந்தச் சத்தம்தான்.

கடைசியில் சேர் கம்பியூட்டரைத் திறந்தார். வெளிநாட்டுச் சட்ட நூலகத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். சேர் அதை வாசித்து, நெற்றியைச் சுருக்கி, சிங்களத்தில் சொன்னார்: "இந்த அம்மா என்னமோ கேக்குறாங்க. உங்க இங்கிலீஷ் ஃபீட் நல்லா வருது. மத்த ஃபீடையும் எடுத்தேன், அதுல எழுத்து ஒடஞ்சு வருது. முதல் சொல் யாக்னு இருக்கு. நீங்க மாடுகளப் பத்தின சட்டமும் போடுறீங்களான்னு கேக்குறாங்க."

யாக் என்றால் பனிமலையில் இருக்கிற மாடாம், உடம்பெல்லாம் மயிர் தொங்குமாம். நான் சேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"மாடா?" என்றார் மிஸ். "எங்க, வாசிங்க சேர்."

"அந்த அம்மா அப்படியே போட்டிருக்காங்க. ஒய், ஏ, கே, செமிகோலன்." சேர் ஒவ்வொன்றாகச் சொன்னார். "பிறகு, இந்தா, கடைசியில... ஆர், எல், செமிகோலன், எல், கே, செமிகோலன்."

தங்கச்சி மேசையில் கொண்ட கெவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சேர் சொல்லச் சொல்ல அவள் விரல் எண்ணெயோடு மேசையில் தானாகவே தட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. "மிஸ்" என்றாள். "சட்டம்."

"என்ன?"

"சட்டம்னு அடிச்சா அதுதாங்க வரும். செமிகோலன்தானே நமக்குப் புள்ளி. முதல்ல சொன்னது லயம்."

மிஸ் எழுந்து நின்றார். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னங்க மிஸ்? லயம் எப்படி மாடாச்சு?"

பிறகுதான் விளக்கினார். தங்கச்சி பிரஸ்ஸில் பழகின எழுத்தில்தான் எல்லாம் அடித்திருந்தாள். அந்த எழுத்து ஒரு சட்டை மாதிரி. உள்ளே இருக்கிற உடம்பு இங்கிலீஷ், மேலே போட்டிருப்பது தமிழ்ச் சட்டை. எங்கள் கம்பியூட்டரில் அந்தச் சட்டை இருக்கிறது, அதனால் தமிழாகத் தெரிகிறது. ஃபீடில் போகும்போது சட்டை கூடப் போவதில்லை. வெறும் உடம்புதான் போய் இறங்குகிறது.

"அப்ப நான் இத்தன வருஷமா இங்கிலீஷா அடிச்சேன்?" என்றாள் தங்கச்சி. "எங்கம்மா கேட்டா சந்தோஷப்படுவாங்க. எட்டாம் வகுப்புல இங்கிலீஷ்ல முட்டை வாங்கினவ நான்."

யாரும் சிரிக்கவில்லை. மிஸ் மெதுவாக உட்கார்ந்தார். "இத்தன மாசமா ஒருத்தரும் படிக்கலைன்னு நெனச்சேன் சேர். படிக்கவே முடிஞ்சிருக்காது. கயித்தக் கட்டினவங்க எல்லாரும் இந்தக் குப்பையப் பார்த்துட்டுத்தான் அவுத்துக்கிட்டுப் போயிருக்காங்க. நானே வெரட்டியிருக்கேன்."

சேர் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தார். "நானும்தான் பார்க்கல. உன் பிழை மட்டும் இல்ல, துவே" என்றார். பிறகு தயங்கி, "ஆனா இப்ப எல்லாத்தையும் புது எழுத்துல திரும்ப அடிக்கணும். போனவங்க திரும்பி வருவாங்களான்னும் தெரியாது. நீயே சொல்லு, என்ன செய்ய?" என்று கேட்டார்.

மிஸ் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்தால் நிப்பாட்டுவோம் என்று சொல்லிவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. அவர் சொல்லிவிட்டால் முடிந்தது. சேர் அதற்கு மேல் வற்புறுத்துகிறவர் இல்லை.

அப்போது தங்கச்சி கையைத் துடைத்துக்கொண்டே, "சேர், அந்த வைரஸ்..." என்றாள்.

"எந்த வைரஸ்?"

"எலுமிச்சங்கா கட்டச் சொன்னேனே, அது. அதுலயும் எறும்பு மாதிரி ஒரே செமிகோலனா இருந்திச்சுல்ல?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் கம்பியூட்டரைப் பார்த்தார்கள். சேர் குப்பையைத் திறந்தார். நல்லவேளை, அவர் கம்பியூட்டர் குப்பையைக்கூட வீச மனது வராதவர். அடியில் கிடந்தது. தங்கச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கடிதம் முழுவதையும் பிடித்து, பழைய எழுத்துச் சட்டையை மாட்டினாள்.

நான் நேரில் பார்த்தேன். எறும்பு ஊர்ந்துகொண்டிருந்த இடத்தில் கண்ணை மூடித் திறக்கும் முன் தமிழ் வந்து நின்றது. முதல் சொல்லை நானே எழுத்துக் கூட்டினேன். வணக்கம் என்று இருந்தது.

மிஸ் சத்தமாக வாசித்தார். ஒருவர், கேகாலைப் பக்கம் புளத்கொகுபிட்டியத் தோட்டம் ஒன்றில் ரப்பர் பால் வெட்டினவரின் மகன், இப்போது குளிர் தேசத்தில் ஒரு சட்ட நூலகத்தில் வேலை. புதிதாக வருவதையெல்லாம் பார்த்து அடுக்குவது அவருடைய வேலை. அவர் எழுதியிருந்தது இதுதான்: "ஒங்க ஃபீட பார்த்ததும் மொதல்ல ஏதோ குப்பைன்னுதான் நெனச்சேன். ஆனா நானும் ஒரு காலத்துல கேகாலையில பிரஸ்ல கல்யாண கார்டு அடிச்சவன். செமிகோலனப் பார்த்ததும் தெரிஞ்சு போச்சு, பழைய எழுத்தப் போட்டு வாசிச்சேன். ஒங்களுக்குத் தமிழ் வாசிக்கிறதவிட இப்படி வாசிக்கத்தான் பழக்கமோன்னு நெனச்சு, நானும் அதே மாதிரி அனுப்புறேன். சிரிக்காதீங்க. எங்க அப்பாவுக்குப் பென்ஷன் ஆயிருச்சு. அம்மாவும் வேலைய விட்டுட்டாங்க. காம்பராவக் குடுத்துட்டுப் போகச் சொல்றாங்க. ஒரு கடுதாசியில கைநாட்டு வைக்கச் சொல்லி ரெண்டு தரம் வந்துட்டாங்க. ஒங்க கட்டுரைய டெலிபோன்ல அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு, மிச்சத்தையும் வாசின்னு சொன்னாரு. மிச்சம் இல்லப்பான்னா நம்ப மாட்டேங்கிறாரு. ரெண்டாம் பாகம் எப்ப வரும்? அது வர்ற வரைக்கும் கையெழுத்து வைக்காதீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்."

வாசித்து முடித்த பிறகும் மிஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சேருக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வரி சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். மிச்சத்தை நான்தான் சொன்னேன். எனக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி. கைநாட்டு வைக்கச் சொல்லி இரண்டு தரம் வந்தார்கள் என்ற இடத்தில் சேர், "எப்ப வந்த கடிதம் இது?" என்று கேட்டார். தேதியைப் பார்த்தார். அது குப்பையில் கிடந்த நாட்களை மனதுக்குள் கணக்குப் பார்த்திருப்பார். முகம் மாறிவிட்டது.

"அந்த மனுஷன் இன்னும் கையெழுத்து வைக்காம இருக்கணும்" என்றார். பிறகு மிஸ்ஸைப் பார்த்து, "துவே, இன்னைக்கு ரெண்டாம் பாகத்த முடிக்க முடியுமா?" என்றார்.

"வருஷப் பிறப்பு வருதே சேர்."

"வருஷம் எங்கேயும் ஓடிப்போகாது."

அன்றைக்கு நடந்ததைச் சொன்னால் ஒரு வீட்டில் கல்யாண வேலை நடந்த மாதிரி. மிஸ் எழுதினார். தங்கச்சி புது எழுத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி அடித்தாள். இதுவரை ஓடின விரல் இப்போது குழந்தை மாதிரித் தட்டுத் தடுமாறியது. "பாருங்க தாத்தா, இப்பதான் நான் முதல் தடவையா தமிழ் அடிக்கிறேன்" என்றாள். சேர் எல்லாக் கதவையும் மூடியிருக்கிறதா என்று பார்த்தார். இந்தத் தடவை ஒன்றையும் மறக்கவில்லை. நான் ஜன்னலில் நின்று மலையைப் பார்த்தேன். கறுத்துக்கொண்டு வந்தது. "இடி வருது, சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்திக்கொண்டே இருந்தேன். வயரில் ஒரு கை வைத்தபடி நின்றேன். போய்விட்டது என்று மிஸ் சொன்ன பிறகுதான் பிடுங்கினேன்.

அதை அனுப்புவதற்கு முன்பே, எங்கள் கம்பியூட்டரிலிருந்து பழைய எழுத்துச் சட்டையையே எடுத்துவிட்டு ஃபீடைத் திறந்து பார்த்தார்கள். லயம், காம்பரா, சட்டம் என்று தமிழிலேயே இருந்தது. மாடு போய்விட்டது.

பதில் மறுநாள் இல்லை. வருஷப் பிறப்புக் கழிந்து வந்தது. அந்த மனிதரின் தகப்பன் கையெழுத்து வைக்கவில்லை. இரண்டாம் பாகம் முழுவதையும் டெலிபோனில் வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். கேட்டுவிட்டு, மூன்றாம் தரம் வந்தவர்களிடம், கோர்ட்டுக்குப் போய்க் கட்டளை வாங்கிக்கொண்டு வாங்க, அப்ப பேசுவோம் என்று சொல்லி, உட்கார வைத்துத் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினாராம். அவர்கள் பிறகு வரவில்லையா, வந்தார்களா, எனக்குத் தெரியாது. அந்தப் பதில் வந்த நாள் வரை அந்தக் காம்பராவில்தான் இருந்தார்கள். அதை மட்டும் சொல்ல முடியும்.

சேர் சொன்ன சொல் தவறவில்லை. தமிழை நிப்பாட்டுவது பற்றி அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. அடுத்த கட்டுரையைத் தமிழில் எப்போது போடப்போகிறாய் என்று அவர்தான் மிஸ்ஸைப் பிடுங்கி எடுத்தார். கயிற்றைக் கட்டிக்கொண்டவர்கள் கூட்டமாக வரவில்லை. ஒன்று, பிறகு ஒன்று, அப்படித்தான் வந்தார்கள். யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாமலே அடிக்கலாம் என்று மட்டும் இப்போது புரிகிறது.

இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள், சந்தோஷம். ஒரு உதவி செய்யுங்கள். உங்களுக்குத் தெரிந்த தோட்டத்தில், பென்ஷன் ஆனவர் யாரிடமாவது காம்பராவைக் குடுத்துட்டுப் போகச் சொல்லிக் கடுதாசியோடு ஆள் வந்தால், வாசித்து விளங்காமல் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டாம், முதலில் சட்டம் தெரிந்த ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். இதுதான் அந்த இரண்டாம் பாகத்தில் எனக்கு விளங்கினது. கட்டுரை வாசிக்க முடியாதவர்களுக்கு வாயால் சொன்னால் போதும். நான் உங்களுக்குச் சொல்லிவிட்டேன். நீங்கள் அடுத்த லயத்துக்குச் சொல்லிவிடுங்கள்.